விமானத்தில் 'வேப்': சந்தேகம் வந்தால் பணியாளர்கள் என்ன செய்கிறார்கள்?

விமானத்துக்குள் சிகரெட் பிடிக்கக் கூடாது என்பது இன்று சிறு பிள்ளைக்கும் தெரிந்த விடயம். ஆனால் 'வேப்' என்று இளைஞர்கள் சொல்லும் இலத்திரனியல் சிகரெட்டைப் பற்றிக் கேட்டால் வரும் பதில் வேறு. "அது புகை இல்ல சேர், ஆவி மட்டும்தான். நெருப்புமில்ல, சாம்பலுமில்ல. கழிவறைக்குள்ள நின்டு ரெண்டு தரம் இழுத்தா யாருக்குத் தெரியப் போகுது?" என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடமே கேட்டான். அவனுடைய நானா கட்டாரில் வேலை செய்கிறார். இந்த உபாயத்தைச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தானாம்.

கூடாத பழக்கம் என்று ஒரு வரியில் பதில் சொல்லி அவனை அனுப்பியிருக்கலாம். ஆனால் தொழிலுக்குப் போவோர், விடுமுறையில் வருவோர், உம்ராவுக்குப் போவோர் என்று எமது ஊர்களிலிருந்து வருடம் முழுவதும் ஆட்கள் விமானம் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். வேப் விடயத்தில் ஒருவர் மாட்டிக்கொண்டால், சில வேளை செய்யாமலே சந்தேகத்தில் மாட்டிக்கொண்டால், விசாவும் வேலையும் சேர்ந்தே ஆட்டம் காணக்கூடும். எனவே பணியாளர்கள் எதைக் கொண்டு சந்தேகிக்கிறார்கள், சந்தேகம் வந்த பின் என்ன நடக்கிறது, எந்த இடத்தில் சிறிய விடயம் பெரிதாகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சாம்பல் தட்டிலிருந்து தொடங்குவோம். அடுத்த முறை பயணம் செய்யும்போது கழிவறைக் கதவைக் கவனித்துப் பாருங்கள். கதவிலோ அதன் அருகிலோ சிகரெட் அணைப்பதற்கான ஒரு சிறிய தட்டு பொருத்தப்பட்டிருக்கும். பல தசாப்தங்களாகப் புகைத்தல் தடை செய்யப்பட்டிருக்கும் விமானத்தில், புத்தம் புதிதாகத் தயாரித்த விமானத்திலும்கூட, அது ஏன்? சட்டமே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தடையை மீறி எவராவது பற்றவைத்தால் துண்டை அணைப்பதற்குப் பாதுகாப்பான ஓர் இடம் இருக்க வேண்டும். பயத்தில் அதைக் காகிதக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிடக் கூடாது என்பதே காரணம். சட்டத்தை எழுதியவர்கள் மனித சுபாவத்தை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள்.

அந்தப் புரிதலுக்குக் கொடுத்த விலை பெரிது. 1973 ஜூலை 11ஆம் திகதி பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் நோக்கி வந்த வாரிக் நிறுவனத்தின் போயிங் 707 விமானத்தில், தரையிறங்க இன்னும் சில நிமிடங்களே இருக்கும்போது பின்பக்கக் கழிவறையில் தீப்பிடித்தது. குப்பைத் தொட்டிக்குள் விழுந்த சிகரெட் துண்டே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. ஓடுபாதையை எட்ட முடியாமல் விமானிகள் வயல்வெளியொன்றில் இறக்கினார்கள். விமானம் பெரும்பாலும் முழுதாகவே தரையைத் தொட்டது. இருந்தும் 134 பேரில் 123 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் புகையால். உயிர் தப்பிய 11 பேரில் ஒருவர் மட்டுமே பயணி.

பத்து வருடங்களுக்குப் பின், 1983 ஜூன் 2ஆம் திகதி, எயார் கனடா 797 விமானத்தின் கழிவறைப் பகுதியில் தீ. அது எதனால் மூண்டது என்பது இறுதிவரை நிரூபிக்கப்படவில்லை. சின்சினாட்டியில் அவசரமாகத் தரையிறங்கி, கதவுகள் திறக்கப்பட்ட ஒன்றரை நிமிடத்துக்குள், உள்ளே நுழைந்த காற்றில் தீ ஒரேயடியாகப் பரவியது. இருந்த 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை. இன்று கழிவறைக் கூரையில் நாம் காணும் புகை உணரியும், குப்பைத் தொட்டிக்குள் தானாக இயங்கும் தீயணைப்பானும், இருட்டில் வழிகாட்டும் தரை வெளிச்சமும் இந்த விபத்தின் பின்னரே கட்டாயமாயின.

எமக்கு இன்னும் நெருக்கமான ஒரு சம்பவமும் உண்டு. 1979 நவம்பர் 26ஆம் திகதி ஹஜ்ஜை முடித்துக்கொண்டு ஜித்தாவிலிருந்து கராச்சிக்குப் புறப்பட்ட பாகிஸ்தான் சர்வதேச விமான சேவையின் விமானத்தில், பின்பக்கப் பயணிகள் பகுதியில் தீ உண்டானது. தாயிப் அருகே விமானம் விழுந்து 156 பேரும் மரணித்தார்கள். ஹாஜி ஒருவர் கொண்டுவந்த அடுப்பிலிருந்து எரிபொருள் கசிந்திருக்கலாம் என்பது அன்று முன்வைக்கப்பட்ட காரணங்களில் ஒன்று. கெட்ட எண்ணம் எவருக்கும் இருந்திருக்காது. 35,000 அடி உயரத்தில் எண்ணம் எதுவாக இருந்தாலும் நெருப்பு நெருப்புதான்.

"வேப்பில் நெருப்பே இல்லையே" என்ற மாணவனின் வாதத்துக்கு இப்போது வருவோம். அவன் சொன்னது பாதி உண்மை. வேப்பில் எதுவும் எரிவதில்லை. புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், நிக்கொட்டின், வாசனைச் சேர்மானங்கள் கலந்த திரவத்தை ஒரு சிறிய கம்பிச் சுருள் சூடாக்குகிறது. வாயிலிருந்து வருவது அந்தத் திரவத்தின் மிக நுண்ணிய துளிகள். ஆனால் அந்தக் கம்பியைச் சூடாக்க மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் லித்தியம் அயன் பற்றரியிலிருந்து வருகிறது. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

லித்தியம் பற்றரியொன்று நசுங்கினாலோ, உள்ளே மின்சுற்று குறுகிக்கொண்டாலோ, அளவுக்கு மீறிச் சூடேறினாலோ, அந்தச் சூடே உள்ளிருக்கும் இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்தும். தாக்கம் மேலும் சூட்டைத் தரும். இந்தச் சங்கிலி ஒருமுறை தொடங்கினால் வெளியிலிருந்து நிறுத்துவது கடினம். விமானத்தில் சாதாரணமாகப் பயன்படுத்தும் ஹேலோன் வாயு சுவாலையை அணைத்துவிடும், ஆனால் உள்ளே கொதிப்பது நிற்காது. அதனால்தான் பணியாளர்களுக்கு, முதலில் தீயணைப்பானால் சுவாலையை அடக்கி, பின்னர் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குளிரவைக்கும்படி பயிற்சி கொடுக்கிறார்கள். தண்ணீர் போதாவிட்டால் மதுசாரம் கலக்காத எந்தப் பானமும் உதவும். பல விமான சேவைகள் இதற்கென்றே தீக்காப்புக் கையுறையும் பையும் வைத்திருக்கின்றன.

2010 செப்டெம்பர் 3ஆம் திகதி டுபாயிலிருந்து புறப்பட்ட யூ.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானத்தை நினைவுபடுத்திக் கொள்ளலாம். பெருந்தொகை லித்தியம் பற்றரிகளை ஏற்றியிருந்த பகுதியில் தீ மூண்டு, டுபாய்க்கே திரும்ப முயன்ற விமானம் விழுந்து இரு விமானிகளும் இறந்தனர். கைக்கு எட்டாத இடத்தில் பற்றரி எரிந்தால் எவராலும் எதுவும் செய்ய முடியாது. இதே காரணத்துக்காக, 2015இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, இலத்திரனியல் சிகரெட்டை லக்கேஜுக்குள் போட்டு அனுப்புவதைத் தடை செய்தது. கைப்பையில் அல்லது உடலோடு மட்டுமே வைத்திருக்கலாம். விமானத்துக்குள் சார்ஜ் போடவும் கூடாது. "இழுக்கக் கூடாது என்கிறார்கள், ஆனால் கையில் வைத்திருக்கச் சொல்கிறார்கள், இது என்ன நியாயம்?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். எரிந்தால் அணைப்பதற்கு ஆள் இருக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

இதில் எம்மவர்கள் அடிக்கடி தவறும் ஓர் இடம் இருக்கிறது. விமானம் நிறைந்துவிட்டால், ஏறும் வாசலில் வைத்துக் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்புவார்கள். அவசரத்தில் அப்படியே கொடுத்துவிடுகிறோம். அதற்குள் வேப்போ பவர் பேங்க்கோ இருந்தால் அதை வெளியே எடுத்துக்கொண்டுதான் பையைக் கொடுக்க வேண்டும்.

சந்தேகம் எப்படி வருகிறது?

கழிவறைப் புகை உணரி சிகரெட்டை அடையாளம் காண்பதில்லை. காற்றில் நுண்ணிய துகள்களோ துளிகளோ கூடியிருக்கின்றனவா என்றுதான் அது பார்க்கிறது. வேப்பிலிருந்து வரும் துளிகள் அதற்குப் போதும். சில தடவை ஒலிக்காமலும் விடலாம். அந்தச் சில தடவைகளை நம்பித்தான் மாணவனின் நானா போன்றவர்கள் 'ஒன்றும் ஆகாது' என்கிறார்கள். மறுபக்கம், பொடி ஸ்பிரேயையோ முடிக்கு அடிக்கும் ஸ்பிரேயையோ அந்தச் சிறிய அறைக்குள் தாராளமாக அடித்தாலும் அதே ஒலி வரலாம். பணியாளர்களுக்கு இது தெரியும். எனவே ஒலி என்பது அவர்களுக்கு ஒரு கேள்வி மட்டுமே, தீர்ப்பு அல்ல.

மணம் இன்னும் சிக்கலானது. விமானத்தின் காற்று மணித்தியாலத்துக்கு 20 முதல் 30 தடவை மாறுகிறது. கழிவறைக் காற்றோ தனியாக உறிஞ்சப்பட்டு வெளியே தள்ளப்படுகிறது. அதனால் மாம்பழ மணமோ பபிள்கம் மணமோ ஒரு கணம் மூக்கில் பட்டு, திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும். பாடசாலையிலும் இதே அனுபவம்தான். கழிவறைப் பக்கமாகப் போனால் பழக்கடை மணம் அடிக்கும். உள்ளே நிற்கும் நான்கு பேரில் யார் என்று கேட்டால் நான்கு பேரும் சுவரைப் பார்ப்பார்கள். பேனை போலவும் பென் ட்ரைவ் போலவும் இப்போது வேப் வருகிறது. முன்பெல்லாம் சிகரெட் என்றால் தீப்பெட்டியாவது காட்டிக்கொடுத்தது.

ஆகவே பணியாளர்கள் ஒரே அடையாளத்தை வைத்து முடிவெடுப்பதில்லை. ஒருவர் குறுகிய நேரத்துக்குள் பல தடவை கழிவறைக்குப் போய்வருவது, போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருப்பது, பக்கத்து ஆசனக்காரரின் முறைப்பாடு, கையில் ஒளிரும் சிறிய விளக்கு என்று பலதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். ரியாதிலிருந்து கொழும்புக்கு இரவு விமானம். பின்பக்கக் கழிவறையில் எச்சரிக்கை ஒலி எழுகிறது. அருகிலுள்ள பணிப்பெண் செய்யும் முதல் வேலை குற்றவாளியைத் தேடுவது அல்ல. உள்ளே தீ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே அவர் போகிறார். கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர் நலமா என்று கேட்கிறார். கதவு சூடாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். இன்னொருவர் தீயணைப்பானை எடுத்து வருகிறார். பதில் வராவிட்டால் கதவை வெளியிலிருந்து திறக்கும் வசதி அவர்களுக்கு உண்டு. "உள்ளே ஆள் இருக்கும்போது தட்டுகிறார்களே, மரியாதை இல்லையா?" என்று கோபிப்போர் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

இளைஞர் ஒருவர் வெளியே வருகிறார். இப்போது பணியாளர்கள் பார்ப்பது அவருடைய முகத்தை அல்ல, அறையை. குப்பைத் தொட்டிக்குள் ஏதாவது சூடாகக் கிடக்கிறதா? கைகழுவும் தொட்டியின் கீழ்? புகை உணரியை எதையாவது கொண்டு மூடியிருக்கிறார்களா? இவற்றைப் பார்த்த பிறகுதான் கேள்வி: "சேர், வேப் பாவித்தீர்களா? அது இப்போது எங்கே இருக்கிறது?"

அந்த இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் இளைஞர் அந்தக் கருவியைக் காகிதத் தொட்டிக்குள் போட்டிருந்தால், 1973இல் பாரிஸ் அருகே நடந்ததற்கு வேண்டிய எல்லாம் அங்கே தயாராக இருக்கிறது. சூடான பற்றரி, உலர்ந்த கடதாசி, மூடிய இடம், அரைத் தூக்கத்தில் பயணிகள். வேப்பை இழுத்ததைவிட அதை ஒளித்ததே ஆபத்து. பணியாளர் திரும்பத் திரும்ப "எங்கே, எங்கே" என்று கேட்பது அவமானப்படுத்துவதற்காக அல்ல. அந்தப் பொருள் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் இன்னும் நான்கு மணித்தியாலம் பறக்க அவர்களால் முடியாது.

ஒளிக்கப் போய் விபரீதம் விளைந்ததற்கு 2018 ஜூலையில் நடந்த ஒரு சம்பவம் போதும், அதிலே தவறியது பயணியும் அல்ல. ஹொங்கொங்கிலிருந்து சீனாவின் டாலியன் நகருக்குப் பறந்த எயார் சைனா விமானத்தின் துணை விமானி, விமானி அறைக்குள்ளேயே வேப் இழுத்திருக்கிறார். ஆவி பயணிகள் பகுதிக்குப் பரவாமல் இருக்க ஒரு காற்று விசிறியை நிறுத்தப் போனவர், தவறுதலாகக் காற்றமுக்கத்தைப் பேணும் தொகுதியையே நிறுத்திவிட்டார். உள்ளே அமுக்கம் குறைந்து, ஒட்சிசன் முகமூடிகள் தலைக்கு மேலே தொங்கின. விமானம் அவசரமாக 10,000 அடி வரை இறக்கப்பட்டது. 153 பயணிகளும் தப்பித்தார்கள். விமானத்தின் ஒவ்வொரு பொத்தானையும் படித்தறிந்தவரே பதற்றத்தில் பொத்தான் மாற்றி அழுத்துகிறார்.

எமது இளைஞரிடம் திரும்புவோம். அவர் உண்மையைச் சொல்லிக் கருவியைக் காட்டினால், அனேகமான சந்தர்ப்பங்களில் விடயம் அந்த இடத்தோடு பெரும்பாலும் அடங்கிவிடும். கருவியை நிறுத்தச் சொல்வார்கள், சில விமான சேவைகள் தரையிறங்கும்வரை வாங்கி வைத்துக்கொள்ளும், வாய்மொழியாக எச்சரிப்பார்கள், ஆசன இலக்கத்தோடு அறிக்கை எழுதுவார்கள். தலைமைப் பணியாளருக்கும் கப்டனுக்கும் கட்டாயம் தகவல் போகும். இது தண்டனை இல்லாமல் முடிந்துவிடும் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் அடுத்த படிக்கு ஏறுவதற்கு அங்கே காரணம் இல்லை.

மறுத்தால், சத்தம் போட்டால், திரும்பவும் போய் இழுத்தால் படிகள் ஏறத் தொடங்கும். வழமையாக இருவர் சேர்ந்து வருவார்கள். ஒருவர் பேச மற்றவர் சாட்சியாக நிற்பார். அடுத்ததாக எழுத்து மூல எச்சரிக்கை அட்டை கையில் கொடுக்கப்படும். அதற்குப் பிறகும் அடங்காவிட்டால், கட்டுப்படுத்தும் அதிகாரம் கப்டனுக்கு உண்டு. தரையிறங்கும்போது பொலிஸார் வாசலில் நிற்பார்கள். கவனித்தால் ஒன்று புரியும். இந்தக் கட்டத்தில் அறிக்கையில் இருப்பது வேப் மட்டுமல்ல. 'பணியாளரின் அறிவுறுத்தலை மீறினார்' என்பதே முதல் வரியாக இருக்கும். உணரியை மூடியிருந்தால் அது வேறொரு தனிக் குற்றம். அமெரிக்கா போன்ற நாடுகளில் உணரியில் கைவைப்பதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. பிரித்தானியாவில் விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்ததாகக் குற்றம் நிரூபணமானால் 5 வருடங்கள் வரை சிறை.

இதெல்லாம் அரிதாக நடப்பது என்று நினைக்க வேண்டாம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் கணக்கின்படி 2021இல் 835 பறப்புகளுக்கு ஒன்று என்றிருந்த குழப்பக்காரப் பயணிகளின் சம்பவங்கள், 2022இல் 568 பறப்புகளுக்கு ஒன்று என்றாகின. அவற்றில் அதிகமானவை அறிவுறுத்தலை மீறிய வகையைச் சேர்ந்தவை. அந்த வகைக்குச் சங்கம் முதலாவதாகக் காட்டும் உதாரணமே கழிவறையிலோ ஆசனத்திலோ சிகரெட் அல்லது வேப் பிடிப்பதுதான்.

சந்தேகத்துக்கும் ஆதாரத்துக்கும் இடையில்

"கண்ணால் காணாமல் எப்படி நடவடிக்கை எடுக்கலாம்?" என்ற கேள்வி நியாயமானது. இதற்கான விடை 1963ஆம் ஆண்டின் டோக்கியோ சமவாயத்தில் இருக்கிறது. இலங்கை உட்பட உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் அதில் இணைந்துள்ளன. விமானத்தின், அதிலுள்ளோரின் பாதுகாப்புக்கு அல்லது ஒழுங்குக்கு ஊறு விளைவிக்கும் செயலை ஒருவர் செய்தார் அல்லது செய்யப்போகிறார் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தாலே கப்டன் நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது அந்தச் சமவாயம். கட்டுப்படுத்தலாம், இறக்கிவிடலாம், பாரதூரமான குற்றம் என்றால் தரையிறங்கும் நாட்டின் அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். அதாவது வானத்தில் சந்தேகம் போதும். ஆதாரம் நீதிமன்றத்துக்கு வேண்டியது. எரிந்து முடியும்வரை சாட்சிக்காகக் காத்திருக்க ஒருவராலும் முடியாதே.

அதேவேளை அந்தச் சமவாயம் கேட்பது 'நியாயமான' காரணத்தையும் 'நியாயமான' நடவடிக்கையையும். இந்தச் சொல் பயணிக்கும் ஒரு காப்பு. பெயரையோ தாடியையோ தோலின் நிறத்தையோ பார்த்து வரும் சந்தேகம் நியாயமான காரணம் ஆகாது. எம்மவர்களிடம் அந்தப் பயம் இருக்கிறது, அது காரணமில்லாத பயமும் அல்ல. நல்ல பணியாளர் உணரியின் ஒலி, மணம், நேரம், ஆசன இலக்கம் என்று கண்டதை மட்டுமே எழுதுவார். பொதுவாக அவர்கள் உங்கள் உடலைப் பலவந்தமாகச் சோதிப்பதில்லை. கேட்பார்கள், காட்டும்படி வேண்டுவார்கள், மறுத்தால் மறுத்ததை எழுதிக்கொண்டு மிச்சத்தைத் தரையிலுள்ள அதிகாரிகளிடம் விடுவார்கள்.

முன்னர் இன்னொரு ஓட்டை இருந்தது. விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக்கே வழக்குத் தொடரும் பிரதான உரிமை இருந்ததால், தரையிறங்கிய நாட்டுப் பொலிஸார் பலரை வெறுமனே விட்டுவிட்டார்கள். 2014இல் மொன்றியலில் எழுதப்பட்ட திருத்த நெறிமுறை 2020 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்ததோடு, அதில் இணைந்த நாடுகளில் தரையிறங்கும் நாடும் வழக்குத் தொடரலாம் என்றாகிவிட்டது. "இறங்கினால் முடிந்தது" என்ற பழைய கதை இப்போது எல்லா இடத்திலும் செல்லாது.

கையில் வைத்திருக்கும் கருவியே சில நாடுகளில் பிரச்சினை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம். மாலைதீவில் 2024 டிசம்பரிலிருந்து பாவனையும் உடைமையும் தடை. இந்தியா 2019இல் விற்பனையையும் இறக்குமதியையும் சட்டம் போட்டு நிறுத்தியது. கட்டாரிலும் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை. எமது நாட்டில் புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகள் 2016இன் ஒழுங்குவிதியால் தடை செய்யப்பட்டவை. டுபாயில் கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள் என்பதற்காக மச்சானுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று வாங்கி வருவது புத்தியான வேலை அல்ல.

மொழி விடயத்தை இந்தப் பத்தியில் எழுதாமல் விட மனமில்லை. வளைகுடா விமானங்களில் அறிவிப்புகள் பெரும்பாலும் அரபியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். 'நோ ஸ்மோக்கிங்' என்பதைப் புரிந்துகொள்கிறோம், ஆனால் அதற்குள் வேப்பும் அடங்கும் என்பதை விளக்கும் அடுத்த வசனம் காதில் விழுவதில்லை. அதைவிட மோசம், கேள்வி புரியாமல் தலையாட்டுவது. வகுப்பில் பாடம் விளங்காத பிள்ளைதான் முதலில் "ஓம் சேர்" என்று சொல்லும். பணியாளர் "வேப் பாவித்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்க, பயத்தில் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினால் அது ஒப்புதல் வாக்குமூலமாக அறிக்கையில் ஏறும். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று கையால் காட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் மொழி தெரிந்த பயணியை அழையுங்கள். ஸ்பிரே அடித்ததால் வந்த ஒலி என்றால் போத்தலை எடுத்துக் காட்டி "நோ வேப், பெர்ஃபியூம் ஸ்பிரே" என்ற நான்கு சொல் போதும். விமான சேவைகளும் சும்மா இருக்க முடியாது. இலங்கைத் தொழிலாளர்களால் ஆசனங்களை நிரப்பும் நிறுவனங்கள், வேப் பற்றிய எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு நிமிடம் ஒலிக்கவிடுவதில் என்ன செலவு?

தெரிந்தும் இழுப்பவர்கள் எல்லோரும் திமிரில் இழுக்கிறார்கள் என்றும் நான் எண்ணவில்லை. இரத்தத்தில் ஏறிய நிக்கொட்டின் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைகிறது. பழகிய உடம்பு அதற்குப் பிறகு எரிச்சலும் தவிப்புமாகக் கேட்கத் தொடங்கும். ரியாத் - கொழும்புப் பயணம் ஐந்து மணித்தியாலத்துக்கும் மேல். விமான நிலையத்தில் காத்திருந்த நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். இன்றைய வேப்களில் நிக்கொட்டின் உப்பு வடிவில் செறிவாக இருப்பதால் அந்தத் தவிப்பு புதிதாகப் பழகிய பையன்களையும் விடுவதில்லை. பயணத்துக்கு முன் வைத்தியர் ஒருவரிடம் கேட்டு நிக்கொட்டின் சூயிங்கம் போன்ற மாற்று ஒன்றைக் கையில் வைத்திருப்பது, கழிவறைக்குள் ஒளிவதைவிட எவ்வளவோ மேல். இன்னொன்று: விமானத்தின் உள்ளமுக்கம் 6,000 முதல் 8,000 அடி வரையான மலையில் இருப்பதற்குச் சமம், அதாவது நுவரெலியாவின் உயரம் அல்லது அதற்கும் மேல். அமுக்கம் குறையும்போது வேப்பின் திரவம் வெளியே கசியும். சட்டைப் பையில் வைத்திருந்தால் மணம் தானாகவே ஆளைக் காட்டிக் கொடுக்கும்; இழுக்காமலே சந்தேகம் வருவதற்கு இது ஒரு காரணம். கருவியை முழுமையாக நிறுத்தி, தானாக இயங்காதபடி அதன் உறைக்குள் வைத்து, திரவத்தைத் தனியாக மூடிய சிறு பையில் போடுவதே சரி.

செய்யாத ஒன்றுக்காகச் சந்தேகிக்கப்பட்டால் ஆசனத்தில் இருந்தபடி வாதாட வேண்டாம். அந்த நேரத்தில் வெல்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. கேட்டதற்கு அமைதியாகப் பதில் சொல்லுங்கள். பையைப் பார்க்கச் சம்மதம் என்றால் நீங்களே திறந்து காட்டுங்கள். எச்சரிக்கை அட்டை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கிழித்தெறிய வேண்டாம். எதிலாவது கையொப்பம் கேட்டால், என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காமல் போடவும் வேண்டாம். தலைமைப் பணியாளரின் பெயரையும் நேரத்தையும், எந்தக் கழிவறை என்பதையும், உங்களுக்கு முன் அதற்குள் போனவரை நினைவிருந்தால் அதையும் ஒரு கடதாசியில் தமிழிலேயே எழுதி வையுங்கள். பக்கத்து ஆசனக்காரர் சம்மதித்தால் அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் பொலிஸார் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள், வெளிநாடு என்றால் எமது தூதரகத்துக்கு அறிவிக்கும்படியும் கேளுங்கள். விமான சேவைக்கான முறைப்பாட்டை வீட்டுக்கு வந்தபின் ஆறுதலாக எழுதலாம்; போர்டிங் பாஸின் துண்டை மட்டும் அதுவரை எறிந்துவிடாதீர்கள்.